வேலைக்கே பறந்து போகும் விமானிகள்!

ஓசி நாற்காலி... வாடகைக் கட்டில்... தூக்கம் எங்கே?

ஆவடியில் வீடு, பாரிமுனையில் ஆபீஸ் என்று தினமும் மின்சார ரெயிலில் தொங்குகிறவர்களுக்கு, "நமக்கு மட்டும்தானா இந்தத் தலைவிதி?" என்று தோன்றும்.

இல்லை. அமெரிக்காவில் ஒரு கூட்டமே இருக்கிறது. வீடு கலிபோர்னியாவில், வேலை வட கரோலினாவில். இடையே சுமார் 3 ஆயிரத்து 700 கிலோமீட்டர். அவர்களும் பை தூக்கிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். ரெயிலில் அல்ல, விமானத்தில்! டிக்கெட் கிடையாது. இடம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் அடுத்த விமானம்.

அவர்கள் யார் தெரியுமா? விமானிகள்!

நூறு, இருநூறு பேரை ஏற்றிக்கொண்டு பறக்க வேண்டியவர், அந்த வேலைக்கு வந்து சேருவதற்கே இன்னொரு விமானத்தில் ஒண்டிக்கொண்டு வருகிறார். கேட்டால் வேடிக்கையாக இருக்கும். இதில் 50 உயிர் போன ஒரு ராத்திரியும் இருக்கிறது.

"பேஸ்" என்றால் என்ன?

ஒவ்வொரு விமானிக்கும் கம்பெனி ஒரு ஊரைக் குறித்துக் கொடுத்துவிடும். அந்த ஊருக்கு "பேஸ்" என்று பெயர். டூட்டி அங்கே தொடங்கும், அங்கேயே முடியும். நடுவில் மூன்று நாள், நாலு நாள் எந்த ஊரில் தங்கினாலும் ஓட்டல் அறை, வண்டி, சாப்பாட்டுப் படி எல்லாம் கம்பெனி பொறுப்பு.

ஆனால் வீட்டில் இருந்து பேசுக்கு வந்து சேருவது மட்டும் அவரவர் பாடு. எப்படி வந்தாய், எப்போது வந்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். குறித்த நேரத்தில் யூனிபாரத்தோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

"அப்படியானால் பேஸ் இருக்கும் ஊருக்கே குடி போய்விட வேண்டியதுதானே?"

நியாயமான கேள்வி. ஆனால் அந்த பேஸ் ஒரு இடத்தில் நிலையாக இருந்தால் அல்லவா!

கம்பெனிகள் இணையும், மூடும், ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போகும். பிட்ஸ்பர்க் நகரம் யு.எஸ். ஏர்வேஸ் கம்பெனியின் பெரிய நிலையமாக இருந்தது. 2004-ம் ஆண்டு அந்த அந்தஸ்து போய்விட்டது. மெம்பிஸ் நகரில் இருந்த தன் பெரிய நிலையத்தை டெல்டா கம்பெனி 2013-ல் கைவிட்டது. அங்கே கடன் வாங்கி வீடு கட்டியவர் என்ன செய்வார்? பிள்ளைகளின் பள்ளிக்கூடம், மனைவியின் வேலை, வயதான தாய் தகப்பன் எல்லாம் ஒரு ஊரில். கம்பெனி மட்டும் வேறு ஊரில்.

இன்னொரு தொல்லை சீனியாரிட்டி. விமானிகள் உலகத்தில் அதுதான் சாமி. எந்த ஊர் பேஸ், எந்த விமானம், எந்த நாள் லீவு எல்லாமே சீனியாரிட்டிப்படிதான். எல்லோரும் விரும்பும் ஊர் மூத்தவர்களுக்குப் போய்விடும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மிஞ்சுவது நியூயார்க் பக்கம். அங்கே வீட்டு வாடகை யானை விலை, குதிரை விலை! அவன் சம்பளத்தில் அங்கே குடித்தனம் நடத்த முடியாது. ஆகவே ஊரில் இருந்தபடியே பறந்து வருகிறான்.

விமானிக்கு முதுகில் ஒரு நாற்காலி

விமானி அறையில் இரண்டு ஆசனங்கள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்குப் பின்னால் மடக்கு நாற்காலி போல ஒன்று, சில விமானங்களில் இரண்டு இருக்கும். அதற்கு "ஜம்ப் சீட்" என்று பெயர். பரிசோதகர்கள் உட்காருவதற்காக வைத்தது. அது காலியாக இருந்தால் டூட்டியில் இல்லாத விமானி ஏறிக்கொள்ளலாம். வேறு கம்பெனி விமானியாக இருந்தாலும் சரி. இன்றைக்கு இவர் விமானத்தில் அவர். நாளைக்கு அவர் விமானத்தில் இவர். தொழில் தர்மம்!

அதற்கு ஒரு மரியாதை உண்டு. ஏறியதும் கேப்டனிடம் போய், "வரலாமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். அவர் தலை அசைத்தால்தான் பயணம். பயணிகள் பகுதியில் இடம் இருந்தால் அங்கே அனுப்பிவிடுவதும் உண்டு. அது அதிர்ஷ்டம். முழங்கால் நீட்டலாம்.

2001 செப்டம்பர் 11-ந் தேதி தாக்குதலுக்குப் பிறகு பிற கம்பெனி ஆட்களை விமானி அறைக்குள் விடுவது நின்றுபோனது. ஆயிரக்கணக்கானவர்கள் திண்டாடினார்கள். பிறகு, ஆள் உண்மையாகவே விமானியா, இன்னமும் வேலையில் இருக்கிறாரா என்று கம்ப்யூட்டரில் படத்தோடு சரிபார்க்கும் ஏற்பாடு வந்தது. கதவு திறந்தது.

அந்த நாற்காலி வெறும் ஓசி இடம் அல்ல என்பதை 2023 அக்டோபர் 22-ந் தேதி ஒரு சம்பவம் காட்டியது. எவரெட் நகரில் இருந்து சான்பிரான்சிஸ்கோ போன ஹொரைசன் கம்பெனி விமானத்தில், டூட்டியில் இல்லாத விமானி ஒருவர் ஜம்ப் சீட்டில் வந்தார். திடீரென்று கையை உயர்த்தி, என்ஜின் தீயணைப்புக் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்தார்! முழுதாக இழுத்திருந்தால் இரண்டு என்ஜினும் நின்றிருக்கும். ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் அவரை மடக்கிவிட்டார்கள். விமானம் போர்ட்லண்டில் இறங்கியது. தனக்கு நாற்பது மணி நேரமாகத் தூக்கம் இல்லை என்றும், இரண்டு நாள் முன்பு போதைக் காளான் தின்றதாகவும் அவர் போலீசாரிடம் சொன்னார்.

அப்படிப்பட்டவர்கள் ஆயிரத்தில் ஒருவர்கூட இல்லை. மற்றவர்களின் கவலை எல்லாம் "நாற்காலி கிடைக்குமா?" என்பதுதான்.

காலை 10 மணிக்கு டூட்டி என்றால், அன்று அதிகாலை விமானத்தை நம்ப முடியாது. பயணிகள் நிறைந்துவிடலாம். தன்னைவிட மூத்த விமானி வந்து அந்த ஒற்றை நாற்காலியைத் தட்டிக்கொண்டு போகலாம். வெயில் காலத்தில் "பாரம் அதிகம், இவர் வேண்டாம்" என்று இறக்கிவிடுவதும் உண்டு. பண்டிகை நாட்களில் கேட்கவே வேண்டாம். ஆகவே இரண்டு விமானங்களுக்கு முன்பாகவே முயற்சி செய்ய வேண்டும். பல கம்பெனிகளில் ஒப்பந்தமே அப்படி: இடம் இருப்பதாகத் தெரிந்த இரண்டு விமானங்களுக்கு முயன்றும் ஏற முடியவில்லை என்றால் தண்டனை கிடையாது. ஒன்றோடு நிறுத்திக்கொண்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

விளைவு? ஒரு நாள் வேலைக்கு முன்தினமே கிளம்பிவிட வேண்டியிருக்கிறது. வீட்டில் இருக்க வேண்டிய லீவு நாள், விமான நிலைய வாசலில் கழிகிறது.

"ரிசர்வ்" என்று ஒரு பிரிவு வேறு. யாராவது வராவிட்டால் கூப்பிடுவதற்காக வைத்திருக்கும் ஆட்கள். டெலிபோன் அடித்தால் இரண்டு மணி நேரத்தில் விமான நிலையத்தில் நிற்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். 3 ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு அது நடக்குமா? பேஸ் இருக்கும் ஊரிலேயே நாள் கணக்கில் காத்துக் கிடக்க வேண்டும்.

அங்கே எங்கே தங்குவது?

தொப்பென்று விழும் இடம்

சென்னை திருவல்லிக்கேணி மேன்ஷன்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். விமானிகளின் மேன்ஷனுக்கு "கிராஷ் பேட்" என்று பெயர். வந்து தொப்பென்று விழுந்து தூங்கும் இடம் என்று பொருள். விமானிகள் எப்படித்தான் இந்தப் பெயரை வைத்தார்களோ!

ஒரு சாதாரண வீடு அல்லது அடுக்குமாடிக் குடியிருப்பு. அறைக்கு நாலு, ஆறு என்று அடுக்குக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கும் கறுப்புத் திரை. பகலில் தூங்குகிறவர் இருப்பார்; நள்ளிரவில் எழுந்து போகிறவர் இருப்பார். ஆகவே எந்நேரமும் இருட்டு, எந்நேரமும் மவுனம். அலாரம் சத்தமாக அடிக்கக் கூடாது. குறட்டை விடுகிறவருக்கு அங்கே மரியாதை கம்மி.

வாடகை மாதம் சில நூறு டாலர். அதிலும் இரண்டு ரகம். "குளிர்ந்த கட்டில்" என்றால் அது உங்களுக்கே சொந்தம். வேறு யாரும் படுக்க மாட்டார்கள். "சூடான கட்டில்" என்றால் காலியாக இருப்பதில் படுத்துக்கொள்ள வேண்டியது. முந்தின ஆள் எழுந்து போன சூடு ஆறுவதற்குள் அடுத்தவர் படுத்துவிடுகிறார் என்பதால் இந்தப் பெயர்! விரிப்பை அவரவர் டப்பாவில் பூட்டி வைத்துக்கொள்வார்கள். காசு மிச்சம்.

நியூயார்க் நகரில் கென்னடி, லாகார்டியா என்று இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவாக "கியூ கார்டன்ஸ்" என்று ஒரு பேட்டை. விமானிகளும் பணிப்பெண்களும் அங்கே குவிந்துபோனதால் அதற்கு "க்ரூ கார்டன்ஸ்" என்றே செல்லப்பெயர் விழுந்துவிட்டது. பேட்டைத் தெருக்களில் சக்கரப் பெட்டி உருளும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும்.

லாஸ் ஏஞ்சல்சில் இன்னும் விசேஷம். 2009-ம் ஆண்டு வாக்கில், விமான நிலைய ஊழியர்கள் கார் நிறுத்தும் மைதானம் ஒன்றில், சுமார் நூறு வீட்டு வண்டிகளை நிறுத்திக்கொண்டு விமானிகள், மெக்கானிக்குகள், பணிப்பெண்கள் குடியிருந்தார்கள். தலைக்கு மேலே விமானம் இறங்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் தூக்கம்.

கட்டில் வாடகைக்கும் வழி இல்லாதவர்கள்? விமான நிலையத்தில் ஊழியர் அறை இருக்கிறதே. சோபா இருக்கிறதே.

அந்த சோபாவில்தான் கதை ஆரம்பிக்கிறது.

பார்சல்களோடு ஒரு ராத்திரி

2009 பிப்ரவரி 11-ந் தேதி. சியாட்டில் நகரம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் வடகோடி.

24 வயது துணை விமானி ஒரு பெண். கோல்கன் ஏர் என்ற சிறிய கம்பெனியில் வேலை. பேஸ், கிழக்குக் கரையில் உள்ள நியூவர்க். இடையே சுமார் 3 ஆயிரத்து 870 கிலோமீட்டர். இந்தியாவின் தென்கோடியில் இருந்து வடகோடி வரைக்குமே 3 ஆயிரத்து 214 கிலோமீட்டர்தான்!

அவருடைய சம்பளம் ஆண்டுக்கு 16 ஆயிரம் டாலர் சுமார் என்று பின்னால் நடந்த விசாரணையில் சொல்லப்பட்டது. முன்பு நார்போக் நகரில் வேலை பார்த்தபோது, லீவு நாளில் காபிக் கடையிலும் வேலை செய்திருக்கிறார். அந்தச் சம்பளத்தில் நியூயார்க் பக்கம் வாடகைக்கு இடம் பிடிப்பது எப்படி? சியாட்டில் பக்கத்தில் பெற்றோர் வீடு இருந்தது.

இரவு 8 மணி சுமாருக்கு அவர் ஏறியது பார்சல் விமானம். பெடெக்ஸ் கம்பெனியுடையது. நாட்டின் பார்சல்கள் எல்லாம் ராத்திரியோடு ராத்திரியாக மெம்பிசுக்கு வந்து, பிரித்து, விடிவதற்குள் வெவ்வேறு ஊருக்குப் போகும். துணை விமானியும் அப்படித்தான் போனார். மெம்பிசில் இறங்கி, மறுபடி இன்னொரு பார்சல் விமானம். நியூவர்க்கில் இறங்கியபோது அங்கே காலை 6 மணி தாண்டி 20 நிமிடம் ஆகிவிட்டது. வழியில் உட்கார்ந்தபடி கொஞ்சம் தூங்கினார். பிறகு ஊழியர் அறையில் கொஞ்சம். ஜலதோஷம் வேறு.

கேப்டனுக்கு வயது 47. வீடு புளோரிடா மாநிலம் தம்பா பக்கம், 1,600 கிலோமீட்டர் தள்ளி. முந்தின நாள் டூட்டியை முடித்தவர் அன்று இரவை நியூவர்க் ஊழியர் அறையிலேயே கழித்தார். அதிகாலை 3 மணி சுமாருக்கு அவர் கம்பெனி கம்ப்யூட்டரில் எதையோ பார்த்ததாகப் பதிவு இருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் தூங்கியவர் அந்நேரத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாரா?

ஊழியர் அறையில் ராத்தங்கக் கூடாது என்று கம்பெனி விதி. விதி சுவரில் இருந்தது. ஆட்கள் சோபாவில் இருந்தார்கள்.

12-ந் தேதி மதியம் இருவரும் டூட்டிக்கு வந்தார்கள். பலத்த காற்று. முதல் இரண்டு பயணங்கள் ரத்து. மூன்றாவது பயணம் பபலோ நகருக்கு. இரவு 7 மணி சுமாருக்குக் கிளம்ப வேண்டியது, 9 மணி 18 நிமிடத்துக்குத்தான் கிளம்பியது. அவ்வளவு நேரமும் காத்திருப்பு.

விமானம் மேலே கிளம்புவதற்கு முன் துணை விமானி பேசியது கறுப்புப் பெட்டியில் பதிவாகி இருக்கிறது. இப்படி உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் கிளம்பி வந்திருக்கவே மாட்டேன் என்றார். வந்த பிறகு இப்போது லீவு சொன்னால், குணமாகும்வரை கைக்காசு போட்டு ஓட்டலில் அல்லவா தங்க வேண்டும் என்றார்.

எத்தனையோ கிளார்க்குகள், கடைச் சிப்பந்திகள் காய்ச்சலோடு வேலைக்குப் போகும்போது போடும் அதே கணக்கு!

இரவு 10 மணி தாண்டி 16 நிமிடம். பபலோ நெருங்கிவிட்டது. வேகம் குறைந்துகொண்டே வந்ததை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எச்சரிக்கையாகக் கைப்பிடி கிடுகிடுவென்று ஆடியது. அப்படி ஆடினால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் கூட்ட வேண்டும். இது விமானிக்கு அரிச்சுவடிப் பாடம். கேப்டனோ பிடியைத் தன் பக்கம் இழுத்தார். மூக்கு உயர்ந்தது. விமானம் தாங்கும் சக்தியை இழந்து புரண்டது. அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துபோயிற்று.

கிளாரன்ஸ் சென்டர் என்ற ஊரில் ஒரு வீட்டின் மேல் விமானம் விழுந்து தீப்பிடித்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் இறந்தார்கள். வீட்டில் இருந்தவர் ஒருவர் இறந்தார். அவருடைய மனைவியும் மகளும் எப்படியோ வெளியே வந்து பிழைத்தார்கள்.

28 நாள் முன்பு...

இந்த விபத்துக்குச் சரியாக 28 நாள் முன்பு, ஜனவரி 15-ந் தேதி, அமெரிக்காவே ஒரு விமானியைத் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடியது. லாகார்டியாவில் கிளம்பிய விமானத்தின் இரண்டு என்ஜினிலும் வாத்துக்கூட்டம் மோதி என்ஜின்கள் செயல் இழக்க, ஹட்சன் ஆற்றின் மேல் மெத்தென்று இறக்கி 155 பேரையும் காப்பாற்றினாரே, கேப்டன் சல்லன்பெர்கர், அவர்தான்.

அவருடைய வீடு எங்கே? கலிபோர்னியாவில் டான்வில். பேஸ் எங்கே? வட கரோலினாவில் சார்லட். ஆரம்பத்தில் சொன்ன 3 ஆயிரத்து 700 கிலோமீட்டர் அவருடைய வழிதான்! அவரோடு ஓட்டிய துணை விமானி ஸ்கைல்சுக்கும் பேஸ் சார்லட்தான். வீடு விஸ்கான்சின் மாநிலத்தில்.

ஆகவே "தூரத்தில் இருந்து வருகிறவன் மோசமான விமானி" என்று சொல்லிவிட முடியாது. உலகம் மெச்சிய விமானியும் அதே ஓசி நாற்காலியில் வந்தவர்தான். ஆனால் அவர் முப்பது ஆண்டுக்கு அருகே அனுபவம் உள்ளவர். எந்தப் பயணம், எந்த நாள் என்பதில் அவருக்குக் கொஞ்சம் செல்வாக்கு உண்டு. 24 வயதுப் பெண்ணுக்கு அது ஏது? சீனியாரிட்டி ஏணியின் கடைசிப் படியில் இருப்பவருக்குத்தான் மோசமான நேரம், குறைந்த சம்பளம், தூரத்துப் பேஸ் மூன்றும் சேர்ந்து வருகின்றன.

சல்லன்பெர்கரே பிப்ரவரி 24-ந் தேதி அமெரிக்கப் பாராளுமன்றக் கமிட்டி முன் வந்து, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் பென்ஷன் போய்விட்டதையும் சொன்னார். பாராட்ட அழைத்தவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

விசாரணையில் தெரிந்தது என்ன?

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஓர் ஆண்டு விசாரித்தது. விபத்துக்குக் காரணம், எச்சரிக்கை வந்தபோது கேப்டன் செய்த தவறான செயல் என்று 2010 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. களைப்பு? இருவருடைய செயலும் களைப்பால் பாதிக்கப்பட்டிருக்கக்கூடும்; எவ்வளவு என்று அளந்து சொல்ல முடியவில்லை என்றது. வாரியத்தின் தலைவியாக இருந்த டெபோரா ஹெர்ஸ்மன், களைப்பையும் காரணங்களில் சேர்த்திருக்க வேண்டும் என்று தனியாக எழுதி வைத்தார்.

விசாரணையில் ஒரு கணக்கு வெளியே வந்தது. நியூவர்க்கை பேசாகக் கொண்ட கோல்கன் விமானிகள் 137 பேர். அவர்களில் 93 பேர் வெளியூரில் இருந்து வந்து போகிறவர்கள்! 29 பேர் 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்து!

ஆக, அந்த இரண்டு பேர் மட்டும் செய்த காரியம் அல்ல இது. கம்பெனிக்குத் தெரியாத காரியமும் அல்ல.

இறந்தவர்களின் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. வாஷிங்டனுக்கு நடையாய் நடந்தார்கள். எம்.பி.க்களின் அறைக் கதவுகளைத் தட்டினார்கள். 2010 ஆகஸ்டு 1-ந் தேதி புதிய சட்டம் கையெழுத்தானது. துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்றது அது. இதில் ஒரு விசித்திரம், செத்துப்போன இரண்டு விமானிகளுக்குமே 1,500 மணிக்கு மேல் அனுபவம் இருந்தது!

வேலைக்குப் பறந்து வரும் விவகாரத்தை ஆராயும்படியும் அதே சட்டம் சொன்னது. நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து 2011-ல் அறிக்கை கொடுத்தது. தூரத்தை வைத்துச் சட்டம் போட வேண்டாம் என்பது அதன் முடிவு. போதிய ஆதாரம் இல்லை என்றார்கள்.

கைகழுவியதுபோல் தோன்றினாலும் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒருவர் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். கார் நெரிசலில் இரண்டரை மணி நேரம் மாட்டி, எரிச்சலோடு வந்து விமானத்தில் ஏறுகிறார். இன்னொருவர் 600 கிலோமீட்டர் தள்ளி இருந்து முந்தின நாளே வந்து, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து வருகிறார். யார் பரவாயில்லை? கிலோமீட்டரை அளக்கலாம், தூக்கத்தை அளப்பது எப்படி?

"பேசில் இருந்து இத்தனை மைலுக்குள்தான் குடியிருக்க வேண்டும்" என்று உத்தரவு போட்டால் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெட்டியைக் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டே கம்பெனி பேசை மாற்றினால்? மறுபடி கட்ட வேண்டும். விமானிகளே இதற்குச் சம்மதிப்பார்கள் என்று தோன்றவில்லை.

ஒரே நாற்காலி... இரண்டு கணக்கு!

ஓய்வு பற்றிய புதிய விதிகள் 2014 ஜனவரி 4-ந் தேதி அமலுக்கு வந்தன. டூட்டிக்கு முன்பு 10 மணி நேர ஓய்வு. அதில் 8 மணி நேரம் இடையூறு இல்லாமல் தூங்க வாய்ப்பு. நல்ல விதி. ஆனால் பார்சல் விமானங்களின் விமானிகளுக்கு அது கட்டாயம் இல்லை! ராத்திரி முழுக்க விழிக்கிறவர்கள் அவர்கள்தான்.

வேலைக்கு வரும் பயணம் எந்தக் கணக்கில் சேரும்? இங்கேதான் வேடிக்கை.

ஒரு விமானியை அடுத்த ஊரில் விமானம் ஓட்டுவதற்காகக் கம்பெனியே பயணியாக ஏற்றி அனுப்பினால், அந்த நேரம் டூட்டி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அதை ஓய்வு என்று கணக்கு எழுதக் கூடாது. அதே விமானி, அதே விமானத்தில், அதே இடத்தில் உட்கார்ந்து, தானாக வீட்டில் இருந்து வேலைக்கு வந்தால் அது டூட்டி இல்லை. அவருடைய சொந்த நேரம்! உடம்புக்கு இந்த வித்தியாசம் தெரியுமா என்ன?

மிச்சத்தை விமானியின் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு, "நான் விமானம் ஓட்டத் தகுதியான நிலையில் இருக்கிறேன்" என்று அவர் உறுதி சொல்ல வேண்டும். களைப்பு என்று சொன்னால் ஓட்ட வைக்கக் கூடாது. ஏட்டில் சரி. ஆனால் ராத்திரி முழுக்கப் பறந்து வந்தவர் "களைப்பு" என்று சொன்னால், "ஏன் களைப்பு? முந்தின நாளே வந்திருக்க வேண்டியதுதானே?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்குப் பயந்து உறுதி சொல்கிறவர் எத்தனை பேரோ!

நிலைமை மாறவே இல்லை என்று சொல்ல முடியாது. 2022-ல் விமானிகளுக்குப் பஞ்சம் வந்தபோது சிறிய கம்பெனிகள் சம்பளத்தை மளமளவென்று உயர்த்தின. 16 ஆயிரம் டாலர் காலம் மலையேறிவிட்டது. வெளியூரில் இருந்து வருகிறவர்களுக்கு மாதத்தில் சில இரவுகள் ஓட்டல் அறை தருகிற கம்பெனிகளும் இருக்கின்றன. ஆள் கிடைக்காதபோதுதான் கம்பெனிகளுக்குக் கட்டில் ஞாபகம் வந்தது.

கோல்கன் ஏர் 2012-ல் மூடப்பட்டது. இப்படிக் கம்பெனி மூடும்போது வேறு கம்பெனியில் புதிதாகச் சேர வேண்டி வருகிறவர்கள் உண்டு. சேர்ந்த இடத்தில் சீனியாரிட்டி மறுபடி கடைசி நம்பரில் இருந்து. கடைசி நம்பருக்குக் கிடைப்பது எந்த பேஸ் என்பதைச் சொல்ல வேண்டியது இல்லை.